நிலாவெளியில் விடுதியும் படகுச் சவாரியும் நடத்துகிறோம். கண் தெரியாதவர்களும் வயதானவர்களும் எங்கள் மும்மொழி இணையத்தளத்தைப் பயன்படுத்த எதையெல்லாம் திருத்த வேண்டும்?

வடிவமைப்பில் கை வைக்க முன் எழுத்தைச் சோதியுங்கள். தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு, பிரச்சினையில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விழுந்தால், ஆங்கில எழுத்தைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துரு. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அதைத்தான் வாசிக்கும், கூகுள் தேடலும் அதைத்தான் பார்க்கும். நகலெடுக்கவே முடியவில்லையா? அநேகமாக அச்சகத்தில் செய்த விலைப்பட்டியலைப் படமாக ஏற்றியிருப்பார்கள். அதைத் தட்டச்சு செய்து உண்மையான அட்டவணையாகப் போடுங்கள்.

பாமினியை மாற்றிக்கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஔகாரத்தை ஒருமுறை பாருங்கள். ‘பௌர்ணமி’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. குரல் ‘பெளர்ணமி’ என்று வாசிக்கும்போதுதான் பிடிபடும்.

அடுத்து மொழிக்குறி. ஒவ்வொரு பக்கத்தின் எச்டிஎம்எல் நிரல் தொடக்கத்திலும், பக்கம் எந்த மொழி என்று சொல்லும் ‘லாங்’ (lang) பண்பு அந்தந்த மொழிக்குரியதாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைப் படியெடுத்துத் தமிழாக்குபவர்கள் இதை அப்படியே விட்டுவிடுவதால், ஆங்கிலக் குரல் தமிழை விழுங்கிவிடுகிறது. மொழி மாற்றும் பொத்தானில் கொடி வேண்டாம் (தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்?). ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதனதன் எழுத்திலேயே எழுதுங்கள்.

வயதானவர்களுக்கு: வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பல் எழுத்து வேண்டாம், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 3:1 கூட வராது. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும், 767676 மட்டுமட்டாகத் தேறும். விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் நிரல் வரி இருந்தால் நீக்குங்கள். பொத்தானுக்கு நிலையான அகலமும் உயரமும் கொடுக்காதீர்கள். ‘புக்’ என்ற அளவுக்குச் செய்த பொத்தானில் ‘முன்பதிவு செய்யுங்கள்’ அடங்காது. வரி உயரத்தை எழுத்தளவின் 1.6 மடங்காக வைத்தால் மேல்விசிறியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்படாது.

முன்பதிவுப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டாயம் என்றால் முதலெழுத்தோடு பெயர் எழுதுபவர் என்ன செய்வார்? ‘முழுப்பெயர்’ என ஒரே கட்டம் போதும். அடையாள அட்டை கேட்டால் 12 இலக்கத்தையும், 9 இலக்கமும் ஓர் எழுத்துமான பழையதையும் ஏற்க வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு தட்டச்சத் தொடங்கியதும் மறைந்துவிடும், ஆகவே தலைப்பைக் கட்டத்துக்கு மேலே நிரந்தரமாக எழுதுங்கள்.

படத்தைப் பார்க்க முடியாதவருக்காகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் ‘அழகிய கடற்கரை’ என்பதால் யாருக்கும் பயனில்லை. ‘புறாமலைக்குப் படகு ஏறும் இடம், மணற்பரப்பு’ என்று எழுதுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்காக, அறைக்கு எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், படகில் ஏறத் தண்ணீரில் இறங்க வேண்டுமா என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்று விற்கப்படும் மிதக்கும் கருவிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பாமினியையும் படத்திலுள்ள விலையையும் அவை திருத்தித் தரா. மவுஸைக் கழற்றிவிட்டு, டாப் விசையால் மட்டும் ஓர் அறையை முன்பதிவு செய்து பாருங்கள். பிறகு என்விடிஏ (NVDA) என்ற இலவசத் திரைவாசிப்பானை விண்டோஸ் கணினியில் நிறுவி, திரையை அணைத்துவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள்.