டிரஸர் பதில்கள்: நடக்கிறவங்கள வைரஸ் ஒண்ணும் செய்யாதா?

கேள்வி: தோட்டத்து கிளினிக்ல மருந்து குடுத்த டிரஸர் சார், எனக்கு 61 வயசு, முப்பது வருசம் செம்பனைல (பாமாயில் மரம்) குலை வெட்டினவன், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கு. 2021ல எனக்கும் வீட்டுக்காரிக்கும் ஒரே வாரத்துல கோவிட் வந்துச்சு. நான் ஒன்பது நாள் வார்டுல ஆக்சிஜன் மாட்டிக்கிட்டு கெடந்தேன், அவளுக்கு ரெண்டு நாள் காய்ச்சல், மூணாவது நாள் எந்திரிச்சி ரசம் வச்சிட்டா. அவளுக்கு இனிப்புநீர் கிடையாது. தெனம் தமிழ்ப்பள்ளி பாடாங்ல (திடல்ல) நடக்கிறதாலதான் தப்பிச்சேன்னு இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காட்டுறா. நான் பாத்த வேலைக்கு முன்னால அவ நடை எம்மாத்திரம்? உண்மைய சொல்லுங்க.
(சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: அண்ணே, கோவிச்சிக்காதீங்க, இந்த கேஸ்ல நான் அக்கா பக்கம். முழுசா இல்ல, முக்கால்வாசி.

உங்க ரெண்டு பேர மட்டும் வச்சி தீர்ப்பு சொல்ல முடியாது, உங்களுக்கு இனிப்புநீர் இருக்கு அவங்களுக்கு இல்ல, அதுவே பெரிய வித்தியாசம். ஆனா அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் கோவிட் வந்த 48,440 பேரோட பழைய கிளினிக் ரெக்கார்ட எடுத்துப் பாத்தாங்க, 2021 ஏப்ரல்ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல வந்துச்சு. அந்த ஆஸ்பத்திரிகள்ல யார் போனாலும் பிரஷர் பாக்கிற மாதிரியே ரெண்டு கேள்வியும் கேட்டு எழுதி வச்சிருவாங்க: வாரத்துல எத்தனை நாள் வேகமா நடப்பீங்க, ஒரு நாளைக்கி எத்தனை நிமிஷம். ரெண்டையும் பெருக்குனா கணக்கு வந்துரும். அக்கா அஞ்சு நாள், 35 நிமிஷம்னு வச்சிக்கிட்டா 175. 150 தாண்டினா பாஸ். நீங்க? வேலைய விட்டதுக்கு அப்புறம் நாற்காலிய விட்டு எந்திரிச்சது எப்பன்னு அக்காகிட்டயே கேக்கணும் போல.

வாரத்துக்கு பத்து நிமிஷம்கூட அசையாதவங்கள 150 நிமிஷத்துக்கு மேல தொடர்ந்து நடந்தவங்களோட வச்சிப் பாத்தா, ஆஸ்பத்திரியில சேர்ற சான்ஸ் ரெண்டே கால் மடங்கு, சாவு கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. வயசு, உடம்பு எடை, இனிப்புநீர் மாதிரி விஷயங்கள கழிச்சிப் பாத்த கணக்கு இது. தடுப்பூசி வர்றதுக்கு முந்தி 2020ல எடுத்த கணக்குங்கிறதையும் ஞாபகம் வச்சிக்குங்க. நடக்கிறவன் பொதுவாவே பார்த்து சாப்பிடுறவனா இருப்பான், அதுவும் உள்ள கலந்திருக்கும், அதனாலதான் முக்கால்வாசின்னு சொன்னேன். இன்னொண்ணு, இவங்க எல்லாருமே கோவிட் வந்தவங்கதான். நடந்தா வைரஸ் தொத்தாதுன்னு இதுல எங்கயும் சொல்லல, தொத்துனதுக்கு அப்புறம் படுக்க வைக்குதா இல்லையாங்கிறதுதான் விஷயம்.

உங்க குலை வெட்டு விஷயத்துக்கு வர்றேன். நீள கம்புல அரிவாள மாட்டி, அண்ணாந்து பாத்து வெட்டி, தூக்கிக்கிட்டு வந்து அடுக்கி... அது பாடாங் நடைய விட பத்து மடங்கு கஷ்டம், நான் தோட்டத்துல டிரஸரா இருந்தவன், எனக்கா தெரியாது, உங்கள மாதிரி ஆளுங்க கழுத்துக்கும் தோளுக்கும் எத்தன பாட்டில் தைலம் குடுத்திருப்பேன். ஆனா அன்னிக்கி பட்ட பாட்ட உடம்பு ஈ.பி.எஃப். (சேமநிதி) மாதிரி சேத்து வச்சி ரிட்டையர் ஆனப்புறம் திருப்பிக் குடுக்காது அண்ணே. வேகமா நடக்கிறப்ப ரத்தக்குழாய் ஓரத்துலயும் மண்ணீரல்லயும் சும்மா ஒட்டிக்கிட்டிருக்கிற கொல்லி செல்லுங்க, அதான் வைரஸ் புடிச்ச செல்ல அழிக்கிற ரத்த அணுக்கள், கூட்டமா ரத்தத்துல இறங்கி சுத்தும், ஜாகா (காவல்காரன்) ரவுண்டு போற மாதிரி. கொஞ்ச நேரத்துல திரும்பப் போயிரும். நேத்து ஜாகா வந்தான்னு இன்னிக்கி கேட்ட தொறந்து போட முடியுமா? அப்புறம் தசை வேலை செஞ்சாதான் ரத்தத்துல இருக்கிற சீனிய அது இழுக்கும், உங்களுக்கு அதுதான் ரொம்ப முக்கியம், சீனி கட்டுக்குள்ள இல்லாத உடம்புல எந்த வைரஸும் ஜாஸ்தி ஆட்டம் போடும்.

எப்படி நடக்கிறதுன்னா, பேச முடியணும் பாட முடியக் கூடாது, அந்த வேகம். பாடாங்ல ஒரு கோஷ்டி நாலு பேர் கை கோர்த்துக்கிட்டு மருமக கதை பேசிக்கிட்டே போவாங்க, அது கணக்குல வராது. விடிஞ்சப்புறம் போங்க, ஆறரைக்கெல்லாம் இருட்டு, செம்பனை லாரி வர்ற ரோடு. மொத வாரம் பத்து நிமிஷம் போதும். இனிப்புநீர் மருந்து சாப்பிடுறதால வெறும் வயித்துல கிளம்பாம, கிளினிக் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க, காலுக்கு ஷூ முக்கியம், சிலிப்பர் வேணாம். ஃப்ளூ ஊசியையும் போட்டுக்குங்க, நடையும் ஊசியும் ஒண்ணுக்கொண்ணு மாத்து இல்ல.

கேள்வி: என் மகனுக்கு 19 வயசு, ஃபுட்சால் பைத்தியம். காய்ச்சலோடயே போயி விளையாடுறான், வேர்த்தா காய்ச்சல் எறங்கிரும்ங்கிறான். சரியா டிரஸர்?
(கோலக்கங்சார் அம்மா)

பதில்: தப்பு தங்கச்சி, ரொம்ப தப்பு. ஷூவ எடுத்து ஒளிச்சி வச்சாலும் பாவம் இல்ல. சில வைரஸ் இதயத் தசையிலயே போயி உக்காந்துரும், அந்த நேரத்துல முழு மூச்சா ஓடுனா இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆளே சாஞ்சிரலாம், சின்னப் பசங்க திடல்ல சுருண்டு விழுறதுக்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சல், உடம்பு வலி இருந்தா படுக்கைதான். காய்ச்சல் மாத்திரை இல்லாமலே சரியாகி சில நாள் போகட்டும், மொதல்ல நடை, அப்புறம் மெல்ல ஓட்டம், அப்புறம்தான் மேட்ச். திரும்ப ஆடுறப்ப நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குறது ஏதாச்சும் இருந்தா ‘கேஸ்’னு சொல்லி ஓமம் தண்ணி குடுக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: தெனம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிற எனக்கே டெங்கி வந்திருச்சே?
(சுங்கை சிப்புட், பேர் போட வேணாம்)

பதில்: ஏடிஸ் கொசு உங்க நடை கணக்கப் பாக்காது. வீட்டுப் பின்னால மாட்டுக்கு வச்ச வாளியையும் பூச்சாடித் தட்டையும் கவுத்துட்டு நடக்கப் போங்க. வலிக்குன்னு ஆஸ்பிரின், புரூஃபன் போடாதீங்க, பேரசிட்டமால் மட்டும். காய்ச்சல் எறங்குன உடனே ‘சரியாயிருச்சி’ன்னு பாடாங்குக்குக் கிளம்பிராதீங்க, டெங்கில ஆபத்தான நேரமே அதுதான். வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பாக்காம யாரையாச்சும் எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் காடி (கார்) எடுக்கச் சொல்லுங்க.