கடலுக்கடியில் எடுத்த வீடியோவில் நிறம் எங்கே போகிறது?

கேள்வி: ஆக்‌ஷன் கேமராவில் சுமார் 12 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைகளை வீடியோ எடுத்தேன். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தவை வீடியோவில் ஒரே நீலமாக இருக்கின்றன. எடிட்டிங்கில் சிவப்பைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகி, தண்ணீரும் ஊதாவாகிவிடுகிறது. சிவப்பு ஃபில்டர் வாங்குவதா, லைட் வாங்குவதா?

பதில்: எதையும் வாங்கும் முன், அடுத்த முறை இன்னும் கிட்டே போய் எடுத்துப் பாருங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது. ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பு பெருமளவு போய்விடும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். தெளிந்த கடலில் அதிக தூரம் தாக்குப்பிடிப்பது நீலம். நம் மூளை இந்த மாற்றத்துக்குப் பழகி ஓரளவு சரிசெய்துகொள்வதால்தான் நேரில் அவ்வளவு நீலமாகத் தெரியவில்லை.

பலர் ஆழத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து பாறைக்கும், பாறையிலிருந்து கேமராவுக்கும் ஒளி தண்ணீருக்குள் கடக்கும் மொத்த தூரம்தான் கணக்கு. 12 மீட்டர் ஆழத்தில் 4 மீட்டர் தள்ளி இருக்கும் பாறையை எடுத்தால், வெளிச்சம் குறைந்தது 16 மீட்டர் தண்ணீரைக் கடந்து வருகிறது. அதே பாறையிலிருந்து அரை மீட்டரில் நின்றால் பன்னிரண்டரை மீட்டர்தான். வைட் லென்ஸ் இதற்குத்தான் உதவுகிறது: கிட்டே போனாலும் முழுப் பாறையும் ஃப்ரேமுக்குள் அடங்கும். மிதப்புக் கட்டுப்பாடு, அதாவது மேலேறாமல் கீழிறங்காமல் நிலையாக மிதப்பது, நன்றாகக் கைவந்த பிறகே நெருங்குங்கள். ஒரு ஷாட்டுக்காகப் பவளத்தில் உங்கள் காலில் மாட்டிய துடுப்பு படவே கூடாது.

சரி, ஃபில்டரா லைட்டா? சிவப்பு ஃபில்டர் புதிதாகச் சிவப்பு எதையும் சேர்ப்பதில்லை. நீலத்தையும் பச்சையையும் குறைத்து, மிச்சமிருக்கும் சிவப்பை அவற்றோடு சமப்படுத்துகிறது. அதனால் படம் இருட்டாகும். வெயில் உச்சியில் இருக்கும்போது, ஏறத்தாழ 5 முதல் 15 மீட்டர் வரை, அகலமான பாறைக் காட்சிகளுக்கு இது நன்றாக உழைக்கும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் சமப்படுத்தச் சிவப்பே மிஞ்சியிருக்காது. கடல் பச்சையாக இருக்கும் இடங்களில் சிவப்புக்குப் பதில் மெஜந்தா (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) ஃபில்டர் தேவை.

வீடியோ லைட் அப்படியல்ல, இழந்த நிறத்தை அது நிஜமாகவே திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் எட்டும் தூரம் ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். லைட்டைக் கேமராவிலிருந்து பக்கவாட்டில் தள்ளிப் பிடியுங்கள். லென்ஸை ஒட்டி வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் பனித்தூறல் போல் மின்னும். ஃபில்டரையும் லைட்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம், அருகில் இருப்பவை செக்கச்செவேல் என்று ஆகிவிடும். 12 மீட்டரில் பவளத்தின் நிறத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், நான் லைட்டைத்தான் சொல்வேன்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். ஒரே ஷாட்டின் நடுவிலேயே நிறம் மாறும். வெயிலை நம்பி எடுக்கும்போது, கேமராவில் வசதி இருந்தால், எடுக்கப்போகும் ஆழத்திலேயே வெள்ளைப் பலகையை ஃப்ரேம் நிறையக் காட்டி அளவெடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி அளவெடுக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ஒரு கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் பூட்டி வைத்துவிட்டு, மீதியை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் புள்ளிகள் வரக் காரணம், சிவப்புச் சேனலில் (வீடியோவில் சிவப்பை மட்டும் பதியும் பகுதியில்) அநேகமாக ஒன்றுமே பதிவாகாததுதான். இல்லாததைப் பெருக்கினால் இரைச்சல்தான் (நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளிகள்) பெருகும். கேமரா 10 பிட்டில் பதிவு செய்யுமானால் அதையே தேர்ந்தெடுங்கள்: 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 நிறப் படிகள், 10 பிட்டில் 1024. ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு, எடிட்டிங் மென்பொருளில் ஒரு நிறச் சேனலை இன்னொன்றோடு கலக்கும் சேனல் மிக்ஸரில் பச்சையிலிருந்து கொஞ்சம் சிவப்புக்குக் கடன் கொடுத்துப் பாருங்கள், இரைச்சல் குறையும். அப்புறம் மணல் போன்ற வெளிர்நிறப் பொருளை வைத்து ஒயிட் பேலன்ஸைத் திருத்துங்கள். பின்னணித் தண்ணீரை மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் தனியே பிரித்து) இந்தத் திருத்தத்திலிருந்து விலக்கிவிட்டால் ஊதா வராது. தூரத்துத் தண்ணீர் நீலமாகவே இருக்கட்டும். கடலின் இயல்பான நிறம் அதுதானே.