குறைந்த பட்ஜெட்டில் பழைய சொகுசு ஜி.டி. கார் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்வது சுருக்கமாக இதுதான்: ஒரு புதிய சின்ன காருக்கான பணம் கையில் இருக்கிறது. அதே பணத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆன பெரிய இரண்டு கதவு ஜி.டி. கார் கிடைக்கிறது. இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 40,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது, பளபளப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. இன்னொன்று 1,50,000 கி.மீ. ஓடியது. டிரைவர் சீட்டின் தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறது, ஆனால் ஒரு தடித்த ஃபைல் நிறைய பில் இருக்கிறது. எதை எடுப்பது? இல்லை, இந்த ஆசையே வேண்டாமா?

ஆசையை விட்டுவிடாதீர்கள். நான் ஆறு வருடமாக இப்படி ஒரு காரை வைத்திருக்கிறேன், இன்றும் சாவியைக் கையில் எடுக்கும்போது மனது நிறைகிறது. உங்கள் இரண்டில் நான் பார்க்கப் போவது ஃபைல் உள்ள வண்டியைத்தான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணத்தை இழந்தவர்கள் எல்லோரும் இழந்தது ஒரே இடத்தில்தான்.

ஜி.டி. என்றால் கிராண்ட் டூரிங். இத்தாலியில் கிரான் துரிஸ்மோ என்பார்கள். 1951-இல் வந்த லான்சியா அவுரேலியா பி20 ஜி.டி. இந்த வகைக்கு ஒரு நல்ல உதாரணம். இரண்டு பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் ஒரு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலுப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. அதற்காகவே பெரிய எஞ்சின், கனமான உடம்பு, சத்தம் புகாத கண்ணாடி, சாலையின் மேடுபள்ளத்தை விழுங்கும் சஸ்பென்ஷன் எல்லாம். புதிதாக வாங்குகிறவர் சில வருடத்தில் அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். இரண்டாவதாக வாங்க வருகிறவர்கள் குறைவு, அவர்களுக்கும் செலவை நினைத்தால் பயம். அதனால்தான் விலை இப்படி விழுகிறது.

விழுவது காரின் விலை மட்டும். அதன் பிரேக் டிஸ்க், பம்ப், சென்சார் எதுவும் சேர்ந்து விழுவதில்லை. 2003-இல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 6 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், இரண்டு டர்போ, 2,300 கிலோவுக்கு மேல் எடை. முன் பிரேக் டிஸ்கின் விட்டம் 405 மி.மீ. கார் ஷோரூமில் நின்ற நாளிலும் அதே டிஸ்க்தான், பதினைந்து வருடம் கழித்து மூன்றாவது கைக்கு வந்த பிறகும் அதே டிஸ்க்தான். எஞ்சின் அறையில் விரல் நுழைய இடம் இல்லாததால் பல வேலைகளுக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். கூலி மணிக்கணக்கில் ஏறும். சின்ன காரின் விலைக்கு வாங்கினாலும், பராமரிப்பது அந்தப் பெரிய காரைத்தான்.

ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிடாதீர்கள். என் கணக்கு இது: மூன்றில் இரண்டு பங்கு காருக்கு, ஒரு பங்கு முதல் வருடத்துக்கு. அந்த ஒரு பங்கை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அப்படிப் பிரித்த பிறகு நீங்கள் விரும்பிய மாடல் எட்டவில்லை என்றால், ஒரு படி இறங்கி வேறு மாடல் பாருங்கள். அதே மாடலில் மலிவானதைத் தேடிப் போவதுதான் ஆபத்து.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். என் கார் ஏர் சஸ்பென்ஷன் உள்ளது, அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் காரைத் தாங்கும். பார்க்கப் போனது ஒரு மாலை நேரம். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, கார் கம்பீரமாக நின்றது. கூட வந்த மெக்கானிக் அண்ணன், "தம்பி, ராத்திரி முழுக்க நிற்கட்டும். காலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்" என்றார். வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த நான்காவது காலை, இடது முன் மூலை கீழே உட்கார்ந்திருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முந்தைய இரவு மூன்று விரல் நுழைந்தது, இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை. ஸ்டார்ட் செய்ததும் பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டே ஒரு நிமிடத்தில் அதை மேலே தூக்கிவிட்டது. தூக்குகிறதே, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. காற்று தாங்கும் ரப்பர் பையில் மெல்லிய வெடிப்பு. பை கசிய, அதை ஈடுகட்டக் கம்ப்ரஸர் ஓயாமல் ஓட, மூன்றாவது மாதம் கம்ப்ரஸரும் எரிந்துபோனது. ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரஸர், ரிலே என்று வளர்ந்து, காருக்குக் கொடுத்த விலையில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. பழைய உரிமையாளரின் பில்களை அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அதற்கு ஒரு வருடம் முன்பு அவரும் ஒரு கம்ப்ரஸர் மாற்றியிருக்கிறார், பையை மாற்றவில்லை. வாங்கும் முன் படித்திருந்தால் அந்த ஒரு தாளே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

ஃபைலைப் படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம் மட்டும் போதாது, என்ன பாகம், எத்தனை கி.மீ.யில், என்று எழுதிய பில் வேண்டும். தேதிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் வருடா வருடம் மாறியிருக்கிறதா? பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா? இந்தக் கார்கள் பலவற்றில் இசட்.எஃப். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருக்கிறது. கார் கம்பெனிகள் பல, எண்ணெய் ஆயுள் முழுக்க வரும் என்றன. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றச் சொல்கிறது. அதை மாற்றிய பில் ஒன்று ஃபைலில் இருந்தால், அந்த உரிமையாளர் காரை நேசித்தவர் என்று நான் நம்புவேன்.

இனி அந்த 40,000 கி.மீ. வண்டி. குறைவாக ஓடியது என்றால் நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பன்னிரண்டு வருடத்தில் 40,000 என்றால் அது பெரும்பாலும் நின்ற வண்டி. நிற்கும் வண்டியில் ரப்பர் காய்கிறது, சீல்கள் இறுகுகின்றன, பெட்ரோல் கெடுகிறது, பேட்டரி செத்துச் செத்துப் பிழைக்கிறது, டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் ஒட்டிக்கொள்கிறது. டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் பட்டை) உள்ள எஞ்சினில் பெல்ட் கி.மீ.க்கு மட்டுமல்ல, வயதுக்கும் மாற்ற வேண்டியது. நீங்கள் வாங்கி ஓட்டத் தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கசியும். அதற்கும் மேல், பில் இல்லாதபோது அந்த 40,000 என்ற எண்ணை உறுதி செய்வது யார்? மீட்டரைத் திருத்துவது கடினமான வேலை இல்லை.

நேரில் பார்க்கும்போது முதல் வேலை, பானெட்டில் கை வைத்துப் பார்ப்பது. எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முதல் சில நொடிகள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெல்ட்டுக்குப் பதில் சில எஞ்சின்களில் இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கலகலவென்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அப்புறம் பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு, பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால், எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல்கள் போயிருக்கின்றன. 2003 முதல் 2010 வரை வந்த பி.எம்.டபிள்யூ. 6 சீரிஸின் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் இதுதான் பேர்போன நோய். அதே எஞ்சினில் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே ஓடும் கூலன்ட் குழாயின் சீலும் வயதானால் கசியும்.

முன் சீட்டுக்குக் கீழே கார்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். குனிந்து முகர்ந்தும் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் அது உள்ளேதான் இறங்கும். சில கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் அந்தக் கார்பெட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஈரம் அங்கே போனால் கதவு முதல் கியர் வரை எது எப்போது மக்கர் செய்யும் என்று சொல்ல முடியாது. ஈரமாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், பணம் இல்லாமலோ மனம் இல்லாமலோ ஓட்டப்பட்ட வண்டி அது. நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் தேய்மானம் ஒரே மாதிரி இல்லையென்றால், சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அடி வாங்கும்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் போடாமல் வாங்க வேண்டாம். அதுவும் அந்த பிராண்டுக்கான ஸ்கேனர். பொதுவான சின்னக் கருவி எஞ்சின் பிழைகளைத்தான் அதிகம் காட்டும், சஸ்பென்ஷனையும் கதவையும் பெரும்பாலும் தொடாது. ஆனால் அந்தச் சின்னக் கருவியிலும் ஒரு விஷயம் தெரியும். நேற்று யாராவது பிழைகளை அழித்திருந்தால், காரின் உள் சோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று காட்டும். இன்று எந்த விளக்கும் எரியாத டாஷ்போர்டு, கூடவே முடியாத சோதனைகள் என்றால் கேள்வி கேளுங்கள்.

எந்த மாடல்? குறைந்த பட்ஜெட் என்றால் டர்போ இல்லாத வி8, சாதாரண ஸ்பிரிங், நல்ல ஆட்டோமேட்டிக், இந்த மூன்றையும் தேடுவேன். 2006 முதல் 2014 வரை வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. இதில் அழகாகப் பொருந்துகிறது. அலுமினிய உடம்பு, 4.2 அல்லது 5 லிட்டர் வி8, ஸ்பிரிங் சஸ்பென்ஷன், அதே கம்பெனியின் செடான்களோடு பகிர்ந்துகொள்ளும் எஞ்சின். அதற்கு முந்தைய எக்ஸ்.கே.8 இன்னும் மலிவு. ஆனால் ஆரம்பகால 4 லிட்டர் எஞ்சினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்கள் பிளாஸ்டிக். அவை உலோகத்துக்கு மாற்றப்பட்டதற்கு பில் கேளுங்கள். 2001 முதல் 2010 வரை வந்த லெக்ஸஸ் எஸ்.சி.430, மடங்கும் கூரையோடு, மனநிம்மதிக்கு முதலிடம். அதன் 4.3 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் மாற்றிய தேதியை மட்டும் பாருங்கள்.

மெர்சிடீஸ் சி.எல்., அதிலும் பன்னிரண்டு சிலிண்டர், என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகு. ஆனாலும் இந்த பட்ஜெட்டுக்குச் சொல்ல மாட்டேன். இரண்டு டர்போ உள்ள அந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மட்டும் 24. சஸ்பென்ஷன் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் எண்ணெயால் இயங்குகிறது. அஸ்டன் மார்ட்டின் டி.பி.9-இல் பிளக் மாற்றவே, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். மசராட்டி கிரான்டுரிஸ்மோ பார்த்தால் இசட்.எஃப். ஆட்டோமேட்டிக் உள்ளதை எடுங்கள், கிளட்சைக் காரே இயக்கும் ஒற்றை கிளட்ச் ரோபோ கியர் வேண்டாம்.

இன்னொன்று, காரைத் தேடும் முன் மெக்கானிக்கைத் தேடுங்கள். அந்த பிராண்டில் கை பழகிய, கம்பெனி ஷோரூமுக்கு வெளியே தனியாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிற ஒருவர், போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த மாடலே வேண்டாம். எது அடிக்கடி வருகிறது, எது வரவே இல்லை என்று அவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். தினமும் ஆபீஸுக்கு இதையே நம்பியிருக்கவும் வேண்டாம். ஒரு பாகம் வர இரண்டு வாரம் ஆகும்போது, வேறு வண்டி இருந்தால் பொறுமையாக, சரியான பாகத்தையே வரவழைத்துப் போடலாம்.

என் கம்ப்ரஸர் கதை முடிந்த மாதம், ஒரே நாளில் 640 கி.மீ. ஓட்டினேன். 110 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்.மைக்கூடத் தொடவில்லை. மழை பிடித்துக்கொண்டது, வைப்பரின் சத்தம் தவிர உள்ளே எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் அம்மா சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். இறங்கும்போது "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்று கேட்டார்கள். இந்தக் கார்கள் இதற்காகத்தான் செய்யப்பட்டவை. அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது எஞ்சின் முழுச் சூடு ஏறும் அளவுக்கு வெளியே எடுக்கிறேன்.

சரி, உங்கள் இரண்டாவது வண்டிக்கு வருவோம். உரிமையாளரிடம் முதல் நாள் மாலையே போன் செய்து, நாளை நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் போனதும் நான்கு மூலையிலும் மட்கார்டு இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கோபப்பட வேண்டாம். ஃபைலை மட்டும் உட்கார்ந்து படித்துவிட்டு, இன்னொரு காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.