அந்த ஆடுகளை விற்காதீர்கள், அம்மிணி

கேள்வி: அந்தியூர் பக்கம் ஒரு காலனியில் இருக்கிறோம், எஸ்.சி. குடும்பம். ஊர்த் தகராறில் தம்பி பேரையும் சேர்த்துவிட்டார்கள். ஜாமீன் கிடைக்கும் நேரத்தில் குண்டாஸ் போட்டுக் கோவை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் போலீஸ் வந்து அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிடுகிறது. 40 ஆயிரம் கொடுத்தால் குண்டாஸை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். இருக்கிற நாலு ஆட்டையும் விற்கட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: விற்காதீர்கள், அம்மிணி. அந்த உத்தரவு உடைவது அரசிடம், சிறைவைத்தது சரிதானா என்று பார்க்கிற குழுவான அறிவுரைக் கழகத்தில், இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில். நடுவில் நிற்கிற யாராலும் அதை எடுத்துத் தர முடியாது. கோவைக்கு ஒருமுறை போய்வந்தாலே ஒரு நாள் கூலி போய்விடும் உங்களுக்கு, அந்த ஆடுகள் தேவைப்படும்.

குண்டாஸ் என்பது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம், தடுப்புக் காவல் சட்டம். உங்கள் தம்பி குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. வெளியே விட்டால் தப்பு செய்வான் என்று கலெக்டரோ கமிஷனரோ முடிவு செய்தால் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வசதியான வீட்டுப் பையன் தகராறில் மாட்டினால் அன்றைக்கே வக்கீல் ஸ்டேஷனில் நிற்பார். காலனிப் பையனுக்காக யார் போய் நிற்கிறார்கள்?

தம்பியிடம் ஒரு புக்லெட் இருக்கும். சிறைவைத்த காரணங்களை 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது அதன் நகலை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். மை அப்பிப் படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழில் தராமல் ஆங்கிலத்திலேயே விட்ட ரிமாண்ட் உத்தரவு என்று எது கண்ணில் பட்டாலும் மூலையை மடித்து வையுங்கள். இப்படிப்பட்ட பக்கங்களுக்காகவே சென்னை உயர் நீதிமன்றம் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது.

விடுவிக்கச் சொல்லி உள்துறைச் செயலாளருக்கும் உத்தரவு போட்ட அதிகாரிக்கும் இன்றே பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காரணமில்லாமல் பதிலை இழுத்தடித்தால் அதுவே தம்பிக்குச் சாதகம். அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வாதாட முடியாது, துணைக்குச் சொந்தக்காரர் ஒருவரை அனுமதிக்கக் கேளுங்கள். சட்டவிரோதமாகச் சிறைவைத்தவரை விடுவிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு ஈரோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். பெண்ணுக்கும் எஸ்.சி. மக்களுக்கும் சிறையில் இருப்பவருக்கும் வருமான வரம்பு கிடையாது. போன் 15100.

இனி அம்மா விஷயம். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 179-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. "எழுத்துல கொடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வந்த தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும், அப்போது அந்த நோட்டுதான் பேசும்.

நம் பேச்சு எடுபடுமா என்று தயங்காதீர்கள். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்து சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். திருடர்கள் என்று பழி சுமந்த அந்த ஜனங்கள் கோர்ட்டில் நடந்ததைச் சொன்னார்கள். 2011-இல் 215 அரசு ஊழியர்களுக்குத் தண்டனை வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இன்று ராத்திரி அம்மாவைத் தனியாக விடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் உங்கள் திண்ணையில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.