சோயா சக்கைக்கும் பங்கு உண்டா?

கேள்வி: பாலிடெக்னிக் புராஜெக்டுக்காகத் தவ்குவா (கெட்டியான சோயாக் கட்டி, டோஃபு வகை) தயாரிப்பின் கார்பன் கணக்கைப் போடுகிறேன். கூடவே சோயாப்பால் பிழிந்த பின் மிஞ்சும் சோயா சக்கையும் வருகிறதே, கார்பன் சுமையை இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பது? (வாசகி, ஈசூன்)

பதில்: எடை பார்த்துப் பிரித்தால் வம்புதான், ஈரச் சக்கை நல்ல கனம், ஆனால் காசு பெறாது, அப்புறம் சுமையில் கணிசமான பங்கு அதன் தலையில் ஏறித் தவ்குவா நல்ல பிள்ளையாகிவிடும். இந்த மாதிரி வாழ்க்கைச் சுழற்சிக் கணக்குகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044 சொல்வதே, முடிந்தவரை பங்கு பிரிப்பதைத் தவிருங்கள் என்றுதான். சக்கை மாட்டுத்தீவனமாகப் போனால், அது மிச்சப்படுத்தும் தீவனத்தின் உமிழ்வைத் தவ்குவாவின் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நிஜமாகவே போக வேண்டும், சரியா? குப்பைக்குப் போனால் அது கழிவு, முழுச் சுமையும் தவ்குவாவுக்கே. கழிக்க வழியில்லையென்றால் உலர் எடை, புரதம் மாதிரி ஏதாவது பொருத்தமான அளவை வைத்துப் பிரிக்கலாம். அதுவும் ஒத்துவராவிட்டால்தான் விலை விகிதம். நானாக இருந்தால் இவற்றில் இரண்டு விதமாகப் போட்டு, விடை எவ்வளவு மாறுகிறது என்று அறிக்கையிலேயே காட்டிவிடுவேன், எப்படியும் ஆசிரியர் கேட்பார்.