பழைய பெட்டியில் படம் ஓடுமா? – கேள்வி பதில்

டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் பார்க்கும் பழைய கணினிக்கு எந்த இயங்குதளம் போடலாம்? இன்றைக்கு இந்தக் கேள்விகள் மட்டும். புரொசஸர் என்ன, ரேம் எவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். வெறுமனே "பழைய லேப்டாப்" என்றால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படங்களைப் பார்க்க மட்டும். விண்டோஸ் 10 திணறுகிறது.

பதில்: அதற்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், லிப்ரெஎலெக். கோடி என்ற மீடியா பிளேயரை ஓட்ட எவ்வளவு தேவையோ அவ்வளவே உள்ள லினக்ஸ் வகை இயங்குதளம் அது. 2016இல் ஓபன்எலெக்கிலிருந்து பிரிந்து வந்தது. டெஸ்க்டாப் கிடையாது, பிரவுசர் கிடையாது. ஆன் செய்தால் நேராகக் கோடியில் போய் நிற்கும். சிஸ்டம் கோப்புகளில் எதுவும் எழுத முடியாதபடி வைத்திருப்பதால், யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் லேசில் கெடாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, மாறுவதற்கு நல்ல நேரம்.

ஆனால் ஒன்று. இயங்குதளம் இலேசாக இருப்பதால் படம் இலேசாக ஓடிவிடாது. வீடியோ, கோடெக் என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும்; அதை விரித்துப் படமாக்குவது, அதாவது டிகோட் செய்வது, கிராபிக்ஸ் சிப்பின் வேலை. உங்கள் சிப்புக்கு எச்.264 என்ற பழைய கோடெக் தெரியும், எச்இவிசி என்ற புதியது தெரியாது. இன்டெலில் 8 பிட் நிற நுணுக்கம் கொண்ட எச்இவிசி ஆறாம் தலைமுறையில்தான் முழுதாக வந்தது, 10 பிட் ஏழாம் தலைமுறையில். சிப்புக்குத் தெரியாத கோடெக் வந்தால் பாரம் முழுக்கப் புரொசஸர் தலையில். 1080பி என்றால் முக்கி முனகி ஓட்டிவிடும். 4கே, வாய்ப்பே இல்லை.

கேள்வி: விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லிப்ரெஎலெக் போடலாமா?

பதில்: கூடாது. நிறுவும்போது நீங்கள் காட்டும் டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும். தங்கை கல்யாண வீடியோ இருந்த டிஸ்கை நானே இப்படி அழித்திருக்கிறேன். அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். மற்ற டிஸ்குகளைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவுங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: 2008 நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம்.

பதில்: அது 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய வகைப் புரொசஸர். லிப்ரெஎலெக் ஏறாது. டெபியன் என்ற லினக்ஸும் 13ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியை விட்டுவிட்டது. ஆன்டிஎக்ஸ் என்ற இலேசான லினக்ஸைப் போட்டுப் பாட்டு கேளுங்கள். படத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: இயங்குதளத்தில் ஒன்றும் இல்லை என்கிற மாதிரிப் பேசுகிறீர்கள். பப்பி லினக்ஸ் போட்டுப் பாருங்கள், ரேமிலேயே ஓடும், பறக்கும்!

பதில்: மெனு பறக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதில் பிரவுசரைத் திறந்து யூடியூப் போடுங்கள். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த ரேமையெல்லாம் பிரவுசர் ஒரே வாயில் விழுங்கும். அதோடு யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 கோடெக்கில். பழைய சிப்புக்கு இரண்டுமே தெரியாது. இதற்கு மருந்து வேறு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) இல்லை, எச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சி. யூடியூபை எச்.264இலேயே அனுப்ப வைக்கும். 1080பிக்கு மேல் கிடைக்காது, இந்தப் பெட்டிக்கு அது போதும்.

அவரே மறுபடி: என் பப்பியில் 1080பி வெண்ணெய் மாதிரி ஓடுகிறதே?

பதில்: கோப்பு எந்தக் கோடெக்?

அவரே: எச்.264.

பதில்: தம்பி, அதைத்தானே காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! பப்பி ஓட்டவில்லை, உங்கள் சிப் ஓட்டுகிறது.

வேறொருவர்: அக்கா, அவரை விடுங்கள். என் கணினியில் ஹார்ட் டிஸ்கே செத்துவிட்டது. பப்பி பென்டிரைவிலிருந்து ஏறி ரேமில் உட்கார்ந்துகொள்கிறது. அது பெரிய விஷயம் இல்லையா?

பதில்: பெரிய விஷயம்தான். அந்த இடத்தில் பப்பிக்கு என் ஓட்டு. தம்பிக்கும் இதில் பாதி வெற்றி, சரியா?

கேள்வி: எந்த லினக்ஸ் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: டிவி ரிமோட்டிலேயே கோடியை இயக்க முடியுமா?

பதில்: அதற்கு ரிமோட் கட்டளையை டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகக் கடத்தும் சிஇசி சிக்னல் வேண்டும். சாதாரணக் கணினிகளின் கிராபிக்ஸில் அது பெரும்பாலும் இருக்காது. யூஎஸ்பி சிஇசி அடாப்டர் தனியாக வருகிறது. இல்லையென்றால் பழைய விண்டோஸ் மீடியா சென்டர் ரிமோட், அதன் யூஎஸ்பி ரிசீவரோடு கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: ஓடிடி எல்லாம் இதில் வருமா?

பதில்: அதற்குப் பிரவுசர் வேண்டும், லினக்ஸ் மின்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். ஆனால் லினக்ஸ் பிரவுசருக்கு முழுத் தெளிவில் படம் தர பல சேவைகள் சம்மதிப்பதில்லை. ஓடிடிதான் முக்கியம் என்றால் டிவி ஸ்டிக் வாங்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: புதிதாக மின்ட் போட்டேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை. வைரஸா?

பதில்: கணினியின் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும். மதர்போர்டில் தேதியைக் காக்கும் சிஆர்2032 செல்லை மாற்றுங்கள்.

கேள்வி: ஐ3, 4 ஜிபி ரேம். எந்த இயங்குதளம் இலேசாக இருக்கும்?

பதில்: (பெருமூச்சு.) எத்தனையாம் தலைமுறை? எந்தக் கோடெக்? லினக்ஸை லைவில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே) ஓட்டி, டெர்மினலில் விஏஇன்ஃபோ (vainfo) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். சிப்புக்குத் தெரிந்த கோடெக் எல்லாம் வரிசையாக வரும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவரே, அரை மணி கழித்து: எச்இவிசி மெயின்10 என்று ஒரு வரி வருகிறது அக்கா. ஏழாம் தலைமுறையாம்.

பதில்: மெயின்10 என்றால் 10 பிட் எச்இவிசி. இதைப் போய்ப் பழைய கணினி என்றீர்களே! லிப்ரெஎலெக் போடுங்கள், 4கேவும் ஓடும். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் என்றால் மட்டும் 4கேயில் நொடிக்கு 30 பிரேமுக்கு மேல் வராது; பெரும்பாலான படங்கள் 24தான், கவலை வேண்டாம். மற்ற டிஸ்கைக் கழற்றினீர்களா?