வைப்ரஃபோன் பட்டையை ராவ விடாதீர்கள்

கேள்வி: கீபோர்டில் ஐந்தாம் கிரேடு முடித்திருக்கிறேன். பிரான்ஸிலிருந்து திரும்பிய பெரியப்பா தன் மூன்று ஆக்டேவ் வைப்ரஃபோனை (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) எனக்குத் தந்துவிட்டார். சாக்ஸபோன் வாசிக்கும் நண்பனுக்கு ஜாஸில் பக்கவாத்தியம் வாசித்தால் ஒரே இரைச்சலாகக் குழம்புகிறது. கீபோர்டோடு சுருதியும் லேசாக ஒட்டவில்லை. பட்டைகளை ராவிச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் இதைக் கொடுத்துவிட்டு நாலு ஆக்டேவ் வாங்கு என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்வது?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் அந்தப் புரோக்கரின் போனை எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் விற்கும் வைப்ரஃபோன்கள் பலவற்றுக்கு 'ஏ' ஸ்வரம் 442 ஹெர்ட்ஸ். உங்கள் கீபோர்டு 440. வித்தியாசம் அவ்வளவுதான், பழுது எதுவும் இல்லை. கீபோர்டின் ட்யூனிங்கை 442-க்கு மாற்றுங்கள். நண்பர் மவுத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். பட்டையின் அடிப்புறம் நடுவில் ராவினால் சுருதி இறங்கும், உண்மைதான். ஆனால் அந்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பட்டையின் மேல்நாதமும் கெடும். கெட்ட பிறகு 'இது தேறாது, பாதி விலைக்குத் தள்ளிவிடு' என்று அதே ஆள் வருவார். ஒலியை அலைபாயவைக்கும் மோட்டாருக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்றாலும் நம்பாதீர்கள். பிரான்ஸிலும் நம் ஊரிலும் 230 வோல்ட்தான்.

குழப்பத்துக்குக் காரணம் பெடல். கீபோர்டுப் பழக்கத்தில் நாலைந்து ஸ்வரங்களை அழுத்திவிட்டுப் பெடலை மிதித்தபடியே நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே மிதித்தால் பட்டை நெடுநேரம் ஒலிக்கும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டம்) மாறும்போது பெடலும் மாறவேண்டும். பெடலை எடுக்காமல், வேண்டாத பட்டையை மட்டும் குச்சியின் தலையால் அமுக்கி நிறுத்தவும் பழகுங்கள்.

அடுத்து, ஸ்வரங்களைக் குறையுங்கள். கார்டின் அடிஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவதும் ஏழாவதும் போதும். டி மைனர் செவன்துக்கு எஃப், சி. ஜி செவன்துக்கு எஃப், பி. சி மேஜர் செவன்துக்கு இ, பி. ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்வரம் நிற்கிறது, மற்றது அரைப்படி இறங்குகிறது. பன்னிரண்டு சுருதியிலும் இது வந்துவிட்டால் பாதிப் பக்கவாத்தியம் வந்த மாதிரி.

உங்களோடு பாஸ் கிடார் உண்டா என்று எழுதவில்லை. இல்லையென்றால் கதை வேறு. அடிஸ்வரத்தையும் நீங்களே தரவேண்டும். மூன்று ஆக்டேவ் வைப்ரஃபோன் நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்குகிறது. ஆகவே ஜி கீழே கிடைக்கும். டி, இ இரண்டும் நடு சி-க்கு மேலேதான். அந்தக் கார்டுகளில் மற்ற ஸ்வரங்களை இன்னும் மேலே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மோதும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டவும் வேண்டாம். இடது கையால் அடிஸ்வரத்தை முதல் தட்டில் வைத்து, மூன்றாவதையும் ஏழாவதையும் இரண்டாம் தட்டுக்குப் பிறகு அரைத்தட்டில் போடுங்கள். நண்பர் மூச்சு வாங்கும் இடத்தில் போட்டால் இன்னும் நல்லது. அவர் ஓடும்போது நீங்களும் ஓடாதீர்கள். பாஸ் வாசிக்க ஆள் வந்த அன்றே இடது கையின் இந்த வேலையை நிறுத்திவிடுங்கள்.

கேட்க வேண்டியவர் வைப்ரஃபோன் கலைஞர் கேரி பர்ட்டன். 1964 முதல் 66 வரை ஸ்டான் கெட்ஸின் சாக்ஸபோனுக்குப் பியானோ இருக்கவேண்டிய இடத்தில் நாலு குச்சியோடு நின்றவர். இன்னொரு வைப்ரஃபோன் கலைஞரான மில்ட் ஜாக்ஸனைத் தனி வாசிப்புக்குக் கேளுங்கள். அவருடைய குழுவில் பியானோ இருந்ததால் கார்டு பாரம் அவர் தலையில் இல்லை.

ஜாஸுக்கு வேண்டிய கற்பனைக்கு, அதாவது அந்த இடத்திலேயே புனைந்து வாசிப்பதற்கு வருவோம். கிரேடு முறை உங்களுக்கு மூன்று பக்கத்தைப் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுத் தந்திருக்கும். நாலு பார் (தாளச் சுற்று) சொந்தமாக வாசி என்றால் கை நின்றுவிடும். மதிப்பெண் போட வசதியானதைத்தான் நம் வகுப்புகள் சொல்லித்தருகின்றன. பெற்றோரும் சர்டிபிகேட்டைத்தான் கேட்கிறார்கள். கச்சேரியில் கற்பனை ஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊரில் இப்படி! 'மூன்றே மாதத்தில் ஜாஸ் டிப்ளமோ' என்று விற்பவர்களும் இந்தச் சந்தையில்தான் பிழைக்கிறார்கள். எஃப்-இல் பன்னிரண்டு பார் ப்ளூஸ் எடுங்கள். இரண்டு குச்சி போதும். இரண்டு பாருக்கு ஒரு வரியை வாயால் பாடி, அதையே வாசித்து, அடுத்த இரண்டு பார் சும்மா இருங்கள்.

மோட்டாரை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். கடற்காற்றில் ஸ்பிரிங்கும் திருகும் துருப்பிடிக்கும்; வாசித்ததும் துடைத்துத் துணி போர்த்துங்கள். பட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதை நீங்களே செய்யலாம்.